சாவியும் கயிறும்

செம்மணல்விளைக்குப் புதிதாக யார் வந்தாலும் ஆசிரமத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நல்ல தண்ணிதான், ஆனா லேசா கரிக்குதே" என்பார்கள். கரிக்கத்தான் செய்யும். ஒரு காலத்தில் கரிக்காது. இளநீரே தோற்றுப்போகும் என்று ஊர்க்காரர்கள் அப்போது பீற்றிக்கொள்வார்கள். அதில் பாதி பொய் என்றாலும் பாதி உண்மை. கரிப்பு எப்படி வந்தது என்று கேட்டால் மோட்சராஜைத் திட்டிக்கொண்டே கதையைத் தொடங்குவார்கள். கனகம் அக்காவின் பேச்சு வந்ததும் திட்டு நின்றுவிடும்.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

ஊர் சிவப்பு மணல்மேட்டில் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம். இங்கே மண்ணுக்குள் மழைத் தண்ணீர் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்றும் கிடையாது. வாளியும் கயிறும் போட்டு மெதுவாக இறைத்தால் நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ, ஆசைப்பட்டு ஆழம் தோண்டினாலோ, அடியில் கிடப்பது மேலே ஏறிவிடும். இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஊரில் நாலு தெரு. நாலும் ஒன்றையொன்று நம்பாது. "உன் தெருக்காரி விடியுமுன்னே வந்து இறைச்சுட்டா" என்று குடம் உருளாத நாள் இல்லை. கடைசியில் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டு, பூட்டி, சாவியைக் கொண்டுபோய் ஆசிரமத்தில் கொடுத்தார்கள்.

"உங்களுக்கு இங்க ஒரு தெருவும் கிடையாது, சொக்காரன் பங்காளின்னும் யாரும் கிடையாது. நீங்களே வச்சுக்கோங்க அக்கா" என்றார்கள்.

ஆசிரமம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு ஜெபக்கூடம், சமையல்கட்டு, ஒட்டினாற்போல் சில அறைகள். கனகம் அக்கா ஐம்பதை நெருங்கியவர். ஒல்லி உடம்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு, வேதப்புத்தகத்தோடு இங்கே வந்து உட்கார்ந்தவர். அவரிடம் சீஷராகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இந்தக் கதைக்குப் போதும்.

ஒருவர் ஞானசிகாமணி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரை "ஏட்டையா" என்பார். வேதப்புத்தகத்தை எஃப்.ஐ.ஆர் படிப்பதுபோலப் படிக்கிற மனுஷன். "ஆதாம் அப்ப எங்க இருந்தான்? பாம்பை ஏன் முதல்லயே விசாரிக்கலை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அக்கா பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார், "சாப்பிட்டீங்களா ஏட்டையா?" என்பார்.

இன்னொருத்தன் மோட்சராஜ். வாலிபன். நல்ல குரல், அவன் பாடினால் ஜெபக்கூடத்துக்கு வெளியே போகிறவன்கூட நின்று கேட்பான். சிரித்த முகம். கை மட்டும் கொஞ்சம் நீளம். சர்க்கரை டப்பா குறையும், காணிக்கைத் தேங்காய் காணாமல் போகும். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் கிணற்றுச் சாவியை அவனிடம்தான் கொடுத்திருந்தார். ஏட்டையாவுக்கு அதில் உள்ளூர எரிச்சல்.

கரண்ட் எடுக்கிற காற்றாடி நடுகிற கம்பெனிக்காரர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். டேங்கர் லாரிக்காரன் ஒருவன் மோட்சராஜைப் பிடித்தான். முதலில் ஊர் அசந்து தூங்கும் மத்தியான வேளையில் மோட்சராஜ் கொஞ்சமாக இறைத்துக் கொடுத்தான். துட்டு கைக்கு வந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். கிணறு வாளிக்குத் தருகிற வேகம் டேங்கருக்குப் பத்தவில்லை.

அந்தச் சமயத்தில் அக்கா ஜெபக்கூட்டம் ஒன்றுக்காக வெளியூர் போனார். ஏட்டையாவும் துணைக்குப் போனார். மோட்சராஜ் கையாலேயே ஆழ்துளை இறக்குகிற கைபோர் ஆட்களைக் கூட்டிவந்து, கிணற்றுக்குள்ளேயே குழாயை இறக்கிவிட்டான். மோட்டாரும் வந்தது.

ஊர்க்காரர்கள் பார்க்காமல் இல்லை. ஓடிவந்து கேட்டார்கள்.

"அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றான்.

அவ்வளவுதான். ஊர் வாயை மூடிக்கொண்டது. அக்கா சொன்னால் அதில் ஏதோ நல்லது இருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாலு தெருவும் சேர்ந்து நம்பிய ஒரே சொல் அதுதான். அதை அவன் இப்படிச் செலவழித்தான்.

அக்கா திரும்பி வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. வாசலில் கூட்டம். முன்னால் சொர்ணம் நின்றாள். கருவாடு விற்கிறவள், நாலு தெருவுக்கும் அவள் வாய் என்றால் பயம். இடுப்பிலிருந்த குடத்தை அக்காவின் காலடியில் டங்கென்று வைத்தாள்.

"குடிங்க."

அக்கா கையில் ஏந்திக் குடித்தார். விழுங்கச் சிரமமாக இருந்தது.

"கரிக்குதா?"

"கரிக்குது."

"நீங்க சொல்லித்தான் குழா போட்டதாம். லாரிக்காரன்ட்ட துட்டு வாங்கினதும் நீங்க சொல்லித்தானாம். அப்படியா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். மோட்சராஜ் தூணுக்குப் பின்னால் நின்றான். தலை நிமிரவில்லை. அவன் அப்படி நின்றதிலேயே அக்காவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"நான் சொல்லலை சொர்ணம். ஆனா சாவியை அவன்ட்ட கொடுத்தது நான்தான்."

"எங்க பிள்ளைக இனி எதைக் குடிக்கும்?"

அக்கா பையைக் கீழே வைத்தார். அத்தனை பேருக்கு முன்னால், சின்னப் பிள்ளைபோல, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சொர்ணம் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போயிற்று.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மோட்சராஜ், சாவி."

அவன் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அக்கா அதைச் சொர்ணத்தின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"இனி இது உங்க கையிலதான் இருக்கணும்."

"எங்க தெருக்காரங்களே என்னை நம்பமாட்டாங்களே அக்கா."

"சண்டை போட்டுக்கோங்க. தண்ணி இருந்தாத்தான் சண்டைகூடப் போட முடியும்."

கூட்டம் போன பிறகு அக்கா மோட்சராஜை முன்னால் உட்காரவைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எதுக்குடே துட்டு?"

அவன் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். துட்டு அப்படியே இருந்தது. ஒரு சட்டை வாங்கவில்லை, ஒரு டீ கூடுதலாகக் குடிக்கவில்லை.

"செலவழிக்கவே இல்லையா?"

"இல்லக்கா."

"பின்னே எதுக்கு?"

"தெரியலக்கா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் வரும்னு தோணும். நாளைக்கு வந்ததும் அதுக்கு அடுத்த நாள் தோணும். அதான்."

"என் பேரைச் சொல்லும்போது என்ன தோணிச்சு?"

அவனுக்குக் காது மடல்வரை சிவந்துபோயிற்று. எழுந்து போய்விட்டான்.

அக்கா டப்பாவைச் சொர்ணம் வீட்டுக்கு அனுப்பினார். ஊர்த் தண்ணீரை விற்ற துட்டு ஊருக்கு லாரித் தண்ணீர் வாங்கவே போயிற்று. அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் ஏட்டையா எழுந்திருக்கவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஸ்டேஷன்ல ஒரு பெட்டிஷன் கொடுத்துருவோம். நான் எழுதுதேன்."

"ம்."

"அவன் கை நீளம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சாவியைக் கொடுத்தீங்க?"

அக்கா ஜெபக்கூடத்தைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்தார்.

ஏட்டையா விடுகிற ஆள் இல்லை. "சரி, அதை விடுங்க. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் திருடன்னு வேதத்திலேயே எழுதியிருக்கு. காசுப் பை அவன்ட்டதான் இருந்துச்சு, அதுல போட்டதை எடுத்துக்கிட்டான்னும் எழுதியிருக்கு. ஆண்டவருக்கு இது தெரியாம இருக்குமா? ஏன் பையை அவன்ட்ட விட்டு வச்சார்? நான் இந்த ஒரு இடத்துல எத்தனையோ தடவை முட்டி நின்னுருக்கேன்."

அக்கா விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார்.

"அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்னு நினைச்சுத்தான் ஏட்டையா நான் சாவியைக் கொடுத்தேன்."

"இப்ப?"

"இப்பத் தெரியலை."

ஏட்டையாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டிருந்தாலாவது தேவலை என்று பின்னால் அவரே சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்பது அவருக்குப் பயமாக இருந்தது.

பெட்டிஷனை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே கிணற்றுப் பக்கம் போனார். போனவர் நின்றார். போலீஸ் கண் சும்மா இருக்குமா? கப்பி இருக்கிறது, வாளி இருக்கிறது. கயிறு இல்லை.

மோட்சராஜின் அறையை எட்டிப் பார்த்தார். அவனும் இல்லை.

"அக்கா!" என்று அவர் போட்ட சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. "கயித்தைக் காணோம்! அந்தப் பயலையும் காணோம்!"

அக்கா செருப்புக்கூடப் போடவில்லை. சூடேறத் தொடங்கிய மணலில், கிளை விட்ட மரம் நிற்கிற முந்திரிக்காட்டைப் பார்த்து ஓடினார். ஏட்டையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். யூதாஸின் கதை கயிற்றில் போய் முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முந்திரிக்காட்டின் நடுவில், ஒரு மரத்தடியில், மோட்சராஜ் உட்கார்ந்திருந்தான். கயிறு மடியில் கிடந்தது. உயிரோடு இருந்தான். ஏட்டையா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முனகிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவன் பக்கத்தில் போய் அமர்ந்தார். மூச்சு வாங்கியது. பிறகு கயிற்றின் ஒரு நுனியை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"இது வேணும்டே. எனக்குக் கிணத்துல இறங்கணும்."

அவன் தலை நிமிர்ந்தான்.

"குழாயை அடைக்கணும். மோட்டாரைக் கழத்தினாலும் அது வழியா அடியிலிருந்து உப்பு ஏறிக்கிட்டே இருக்கு. ஊர் ஆம்பிளைங்க, கெடுத்தது நீங்க, நீங்களே அடைங்கன்னுட்டாங்க. அவங்க சொல்லுததும் சரிதான்."

"நான் இறங்குதேன் அக்கா."

"நீ இறங்கினா மேல வரமாட்டே."

அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதான். ஏட்டையா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னைப் போலீஸ்ல கொடுத்துருங்கக்கா."

"அதை ஏட்டையா பார்த்துக்கிடுவார். இப்ப எழுந்திரு. வேலை கிடக்கு."

மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். கயிற்றை அவன்தான் சுமந்து வந்தான்.

சொர்ணம் சாவி கொண்டுவந்து கிணற்றைத் திறந்தாள். பெண்கள் மாற்றி மாற்றி உப்புத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டி மட்டத்தை இறக்கினார்கள். அது உறை இறக்கிய ஒடுக்கமான கிணறு. ஏட்டையா அதற்குள் இறங்க வேண்டுமென்றால் வயிற்றை மேலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும். அக்காவின் உடம்புக்குத்தான் தோதாக இருந்தது. குழாயின் வாயில் அடிக்கப் பனங்கட்டை ஒன்றைச் சீவி வைத்திருந்தார்கள். மேலே பூச ஒரு வாளிக் களிமண்.

அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டார். கயிற்றைக் கப்பியில் மாட்டி, ஒரு நுனியில் பலகை கட்டி, இடுப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறு நுனியை நீட்டினார்.

"மோட்சராஜ், பிடி."

பெண்களிடம் சலசலப்பு எழுந்தது. "அவன் கையிலயா?" என்று யாரோ கேட்டார்கள். சொர்ணம், "அக்கா, நாங்க இத்தனை பேர் இருக்கோமே" என்றாள்.

மோட்சராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம்க்கா. என்னால முடியாது."

"முடியும். காலை அந்தக் கல்லுல ஊணிக்கோ. மெதுவா விடு."

அவன் காலை ஊன்றினான். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தான். ஒரு தடவை அவிழ்த்து, மறுபடி சுற்றினான்.

அக்கா பலகையில் உட்கார்ந்து கிணற்றுக்குள் இறங்கினார். முதலில் தோள் மறைந்தது, பிறகு தலை. கப்பி கிரீச்சிட்டது.

ஏட்டையா சத்தமில்லாமல் மோட்சராஜின் பின்னால் போய் நின்றார். அவன் காலடியில் சுருண்டு கிடந்த மிச்சக் கயிற்றை எடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் விடவிட அவரும் விட்டார், ஆனால் ஒரு இழுப்பு பிந்தித்தான் விட்டார். மோட்சராஜுக்கு அது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்திருப்பான்.

பாதிக் கிணறு போயிருக்கும்.

"நிப்பாட்டு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கயிறு நின்றது.

"கயிறு வெட்டி வெட்டி வருது. பின்னால யாரு பிடிச்சிருக்கா?"

சொர்ணம் ஏட்டையாவைப் பார்த்தாள்.

"நான்தான் அக்கா" என்றார் ஏட்டையா. "சும்மா, ஒரு பந்தோபஸ்துக்கு."

"விடுங்க."

"என்ன அக்கா நீங்க..."

"விடுங்க ஏட்டையா."

ஏட்டையாவுக்குப் பொறுக்கவில்லை. கயிற்றை விடாமலே விளிம்புக்கு வந்து, குனிந்து, இருட்டுக்குள் கத்தினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நேத்து இவன்ட்ட இருந்து சாவியைப் பிடுங்கினீங்க. இனி அது ஊர் கையிலதான் இருக்கணும்னீங்க. சரின்னேன். இன்னைக்கு உங்க உசிரைத் தூக்கி இவன் கையில கொடுக்கீங்க. ஒண்ணு இவனை நம்புங்க, இல்ல நம்பாதீங்க. இது என்னக்கா கூத்து? எனக்கு விளங்கலை!"

கிணறு அவர் குரலைத் திருப்பி அனுப்பியது. மோட்சராஜின் நெற்றியிலிருந்து வேர்வை கயிற்றில் சொட்டியது. துடைக்க அவன் கையை எடுக்கவில்லை.

"கிணறு ஊரோடது, ஏட்டையா" என்றது உள்ளிருந்த குரல். "உசிரு என்னோடது."

ஏட்டையா நிமிர்ந்து மோட்சராஜின் கைகளைப் பார்த்தார். பிறகு கயிற்றை விட்டார்.